ஆயாவின் பல் செட்டு

ஆயா வெற்றிலை இடிக்கும் சத்தத்தில்தான் கும்மிடிப்பூண்டியில் எங்கள் வீடு கண் விழிக்கும். சின்ன இரும்பு உரலில் பாக்கும் வெற்றிலையும் சுண்ணாம்பும் நசுங்குகிற அந்த ‘ணங் ணங்’, அதன் பின்னாலேயே சிப்காட்டில் இரவு ஷிப்டு முடித்து வருகிறவர்களின் சைக்கிள் மணி, அப்பா சட்டையில் ஒட்டிக்கொண்டு வரும் இரும்பு வாசம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து சேரும். ஆயாவுக்கு அப்போது வாயில் ஒரு பல் கிடையாது. ஆடிக்கொண்டிருந்த கடைசி நாலைந்தையும் பிடுங்கியாகிவிட்டது. யாராவது வீட்டுக்கு வந்தால் முந்தானையால் வாயை மூடிக்கொண்டுதான் பேசுவார்.

“இந்த வயசுல பல்லு எதுக்கு?” என்றார்கள் சொந்தக்காரர்கள். அப்பா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஈறு நன்றாக ஆறுவதற்குச் சில மாதம் விட்டு, கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரிக்கு ஆயாவை அழைத்துப் போனார். 1953-ல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கி வளர்ந்த இடம் அது. பள்ளிக்கூடம் லீவு என்றால் நானும் தொற்றிக்கொள்வேன். பொன்னேரி, மீஞ்சூர், அத்திப்பட்டு என்று ஸ்டேஷன் பலகைகளை உரக்கப் படித்துக்கொண்டே போனால், மீன்கூடை வாசம் சென்ட்ரல் வரைக்கும் கூடவே வரும்.

பல் கட்டுவது ஒரே நாளில் முடிகிற வேலை இல்லை என்று அங்கேதான் தெரிந்தது. ஒருநாள் பசையைத் தட்டில் நிரப்பி ஈறில் அழுத்தி அச்செடுத்தார்கள். இன்னொரு நாள் மெழுகுக் கட்டையைக் கடிக்கச் சொல்லி அளவு பார்த்தார்கள். பிறகு ரோஸ் நிற மெழுகில் பற்களை வரிசையாகப் பதித்து, போட்டுப் பார்க்கக் கொடுத்தார்கள். ஆயா கண்ணாடியை வாங்கி, முதலில் உதட்டைப் பார்த்தார். அப்புறம் கன்னத்தைத் தொட்டார். அதன்பிறகுதான் பல்லைப் பார்த்தார்.

செட்டு கைக்கு வந்த பிறகுதான் பாடே ஆரம்பித்தது. மேல் செட்டு அண்ணத்தில் ஒட்டி நின்றுவிடும். கீழ் செட்டை நாக்கு தள்ளிக்கொண்டே இருக்கும். இட்லியும் குழைந்த சோறுமாகத் தொடங்கி, இரண்டு பக்கமும் ஒன்றுபோல மென்று பழக வேண்டும். ‘ச’ வரும் இடமெல்லாம் காற்று சீறியது. சத்தமாகப் பேசிப் பேசித்தான் அது சரியாகும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். சாயங்காலம் திண்ணையில் நான் வாய்ப்பாடு சொல்ல, ஆயா பின்பாட்டாகச் சொல்வார். “ஐயஞ்சு இருபத்தஞ்சு… இன்னொருக்கா சொல்லு கண்ணு.” எனக்கு வாய்ப்பாடு மனப்பாடமானதும் ஆயாவுக்குப் பேச்சு படிந்ததும் ஒரே பருவத்தில்தான்.

ராத்திரி செட்டைக் கழற்றி எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் ஊற்றிப் போட்டு வைப்பார். நான் மூடியைத் திறந்து திறந்து பார்ப்பேன். வாயில் இல்லாதபோதும் அது சிரிப்பது எனக்குத் தீராத ஆச்சரியம். காலையில் பேசின் நிறையத் தண்ணீர் வைத்து, அதற்கு மேலே பிடித்துத்தான் கழுவுவார். கை நழுவினாலும் தண்ணீரில் விழும், உடையாது. வெந்நீர் மட்டும் படவே கூடாது, வடிவம் கோணிப்போகும். நாளாக ஆகத் தாடை எலும்பு தேய, செட்டு தளர்ந்தது. மறுபடி ரயிலேறிப் போய்ச் சரிசெய்துகொண்டு வந்தார்.

தை அமாவாசைக்குத் திருவள்ளூர் வீரராகவர் கோயிலுக்குப் போனோம். குளத்தில் கரைக்க வெல்லம் வாங்கும்போது, ஆயா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கடைக்காரரிடம் வாய் நிறையப் பேரம் பேசினார். அப்பா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார், அவசரப்படுத்தவே இல்லை.

இந்த வயசுல எதுக்கு என்று இன்றைக்கும் பல வீடுகளில் கேட்கிறார்கள். மென்று சாப்பிடுவதும் நாலு பேரிடம் முகம் கொடுத்துப் பேசுவதும் கடைசி நாள் வரைக்கும் வேண்டியவை. பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பல் கட்டிவிடுங்கள். அதன்பிறகு சில வாரம் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் பேசுவதைக் கேளுங்கள்.