சிரட்டைத் தேத்தண்ணி

வல்வெட்டித்துறை வீட்டுக் குசினி மூலையில் கறுத்துப்போய்க் கிடந்த சருவத்தையும் மூக்குப்பேணியையும் பழப்புளி போட்டு மினுக்கினேன். சருவத்துக்குள் பயத்தம் பணியாரம் அடுக்கினேன். ஈயம் பூசாத பித்தளை, புளிப்புச் சாமான் வைத்தால் களிம்பேறும். ரெண்டு சிரட்டையையும் தும்பு போகச் சுரண்டி, எண்ணெய் பூசி, கச்சான் போட்டு வைத்தேன்.

எல்லாரும் "நல்ல வடிவு" எண்டிச்சினம். அம்மம்மா மட்டும் சிரட்டையைத் தொடேல்லை.

"உதில ஆக்களுக்குக் குடுக்காத பிள்ளை."

அவவின்ர சின்ன வயதில், உள்ளுக்கு வந்தவைக்கு மூக்குப்பேணி. சாதி சொல்லி வெளியில் நிப்பாட்டினவைக்குச் சிரட்டை. யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளிலும் இந்தப் பாகுபாடு இருந்தது. 1960களில் போராடித்தான் உள்ளே போக முடிந்தது.

சிரட்டையை நான் எறியேல்லை. கச்சானைக் கொட்டிப்போட்டு, அண்டு பின்னேரம் என்ர தேத்தண்ணியை அதில ஊத்திக் குடிச்சன். அம்மம்மா பாத்துக்கொண்டு இருந்தா.