மாரியும் நுளம்பும்

ஐப்பசி மழை இறங்கினால் யாழ்ப்பாணத்தில் டெங்கும் கூடவே வந்துவிடும். தை வரைக்கும் பயம்தான். நாங்களோ பொழுதுபட்ட பிறகுதான் கதவைச் சாத்தி, நுளம்புத்திரி கொளுத்துகிறோம். ஆனால் டெங்கு நுளம்பு பகலில் கடிக்கிறது. அதிகமாகக் காலையிலும், பொழுதுபட முந்தியும். பள்ளிக்கூடம், ரியூசன் போகும் பிள்ளைகளுக்குக் கைகால் மூடிய உடுப்பும் நுளம்புக் களிம்பும் தேவைப்படுவது அப்போதுதான்.

கரையோரத்து ஆட்களும் "இது உப்புத்தண்ணி, இங்கே பெருகாது" என்று நிம்மதியாக இருக்க ஏலாது. ரஞ்சன் ராமசாமி, யாழ் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுரேந்திரன் ஆகியோரின் குழு 2011இல் வெளியிட்ட ஆய்வு, பாவிக்காத கிணறுகளிலும் கைவிட்ட வள்ளங்களிலும் தேங்கிய உவர் நீரில் டெங்கு நுளம்பின் குடம்பிகளைக் கண்டது.

இன்னொன்று: தண்ணியை ஊற்றிவிட்டால் மட்டும் காணாது. முட்டை பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் தாக்குப்பிடித்து, அடுத்த மழைக்குப் பொரிக்கும். முட்டை நுளம்பாக ஏழு முதல் பத்து நாள். ஆகவே கிழமைக்கு ஒருமுறை பூச்சாடித் தட்டு, பீலி, சிரட்டை, இளநீர்க் கோம்பை, பழைய ரயர் எல்லாம் பாருங்கள். தொட்டியைத் தேய்த்துக் கழுவுங்கள். பக்கத்து வெறும் வளவையும் சேர்த்துத்தான். நுளம்புக்கு வேலி தெரியாது.