சத்திரத்துப் பிள்ளைகள்

வேனில் விடுமுறைக்குப் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டவுடன் சிறுவர்களை ஓரிடத்திற் கூட்டி, ஒரு கிழமையோ இரண்டு கிழமையோ இரவும் பகலும் அங்கேயே தங்குவித்து, உணவும் விளையாட்டும் கல்வியும் அளித்து அனுப்புதல் இக்காலத்தில் எங்கும் பரவியுள்ள வழக்கமாம். கோடை முகாம் என்பது அதன் பெயர். சைவ அன்பர்கள் பலரும் இவ்விடுமுறையிலேயே சிறார்க்குத் திருமுறைப் பண்ணிசை வகுப்புக்கள் நடத்துகின்றனர். பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகளைப் பிறர் ஏற்று நாள் முழுதும் பேணும் இம்முறையை மேனாட்டார் கண்ட புதுமை என்று கூறுவோர் உளர். முகாம் என்னும் வடிவு அவர்களதே, அதனை மறுப்பதற்கில்லை. அமெரிக்க தேசத்துக் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு பள்ளி நடத்திய பிரெடெரிக் கன் என்பார் 1861-ஆம் ஆண்டு தம் மாணாக்கரைக் கடற்கரைக்கு நடத்திச் சென்று கூடாரமிட்டுத் தங்குவித்தார். அதுவே இவ்வகை முகாம்களுக்கு முதலாவது என்பர். 1907-ல் பேடன் பவல் என்னும் படைத்தலைவர் இங்கிலாந்தில் பிரௌன்சீ என்னும் சிறு தீவில் இருபது சிறுவரளவில் ஒரு முகாம் கூட்டினார். சாரணர் இயக்கம் பிறந்தது அதிலிருந்தே. விடியலில் ஒரு விலங்கின் கொம்பை ஊதி அவர் பிள்ளைகளை எழுப்பினார். வழிபாடு, உடற்பயிற்சி, உணவு, நண்பகலுக்குப்பின் ஓய்வு, இரவில் தீயைச் சுற்றியமர்ந்து கதை கேட்டல் என்று நாளைப் பகுத்தார். செல்வர் பள்ளிகளிற் பயின்ற பிள்ளைகளும் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகளும் அங்கே ஒரே கூடாரத்தில் உறங்கினர் என்பது மெச்சத்தக்கது.

ஆயினும் அப்பிள்ளைகள் யாவர்க்கும் திரும்பிச் செல்ல ஒரு வீடு இருந்தது. முதல் இரவு தாயை நினைந்து அழுத பிள்ளையும் பத்தாம் நாள் அவள் மடியிற் சென்று விழும். செல்ல வீடே இல்லாத பிள்ளைகளைப் பிரௌன்சீக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே சோழவளநாட்டில் சிலர் இரவும் பகலும் பேணினர்.

தஞ்சையிலிருந்து இராமேச்சுரம் செல்லும் நெடுவழியில் மராட்டிய மன்னர்கள் சத்திரங்கள் பல நிறுவியிருந்தனர். காசியிலிருந்தும் பிற வடபுலங்களிலிருந்தும் சேதுவுக்கு நடந்து வருவோர் அவற்றில் உண்டு தங்கிச் செல்வர். 1799-ல் தஞ்சை நாட்டின் ஆட்சி உடன்படிக்கையால் கும்பினியார் கைக்குச் சென்றபின், இரண்டாஞ் சரபோசி மன்னர்க்குக் கோட்டையும் சிறிது பொருளுமே எஞ்சின. இந்நிலையில் தம் முன்னோர் வைத்த சத்திரங்களுக்குக் கேடு நேருமோ என்று அவர் அஞ்சினார். 1801-ஆம் ஆண்டு தொடக்கத்தில் தஞ்சையிலிருந்த ரெசிடெண்டுக்கு ஒரு கடிதம் எழுதி, அச்சத்திரங்களில் நாள்தோறும் நடைபெறுவன இன்னின்ன என்று விரித்துரைத்தார். நாடு போனதற்கு வருந்தி எழுதிய அரசர்கள் உலகிற் பலர். சோறு போய்விடுமோ என்று எழுதியவர் சிலரே.

அக்கடிதத்தால் அறியப்படுவன இவை. அந்தணர் முதலாகப் பறையர் ஈறாக எக்குலத்தாரும், யோகிகள், சங்கமர், வைராகிகள் முதலிய எவ்வகை யாத்திரிகரும் சோறு பெறுவர். சமைத்த சோற்றை உண்ண விரும்பாதவர்க்கு அரிசியும் மிளகு முதலியனவும் கொடுக்கப்படும். நள்ளிரவு வரை இவ்வழங்கல் நடக்கும். நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் உண்ணாதவர் உளரேல் வந்து உண்க என்று கூவி அழைப்பர். நோயுற்றவர்க்கு மருந்தும் பத்திய உணவும் உண்டு. சத்திரந்தோறும் மருத்துவர் இருந்தனர். பாம்பு முதலியவற்றின் கடிக்கு மருந்தறிந்தவரும் இருந்தனர். வயல்வரப்பும் ஆற்றங்கரையுமாகிய இந்நாட்டில் இரவில் நடந்துவருவோர்க்கு அவரினும் வேண்டியவர் யாவர்? கருவுற்ற மகளிர் அங்கே மகப்பெறின் அதற்குரிய செலவும் மருந்தும் சத்திரத்தனவே. மூன்று மாதம் வரை அவர் அங்குத் தங்கலாம்.

குலந்தோறும் பந்தி வேறுபட்ட காலம் அஃது. சமைத்ததை ஒருவர் உண்ண மறுப்பதும் அதன்பொருட்டே. அக்குறையை மறைத்தல் வேண்டா. எனினும் மணி ஒன்றே. அஃது எல்லார்க்கும் அடித்தது.

இனிப் பிள்ளைகளைப் பற்றியது. வழிநடையில் தாய்தந்தையரை இழந்து சத்திரத்தை வந்தடைந்த அயலூர்ப் பிள்ளைகள் அங்குள்ள பள்ளி ஆசிரியர் வசம் ஒப்புவிக்கப்பட்டனர். அவர்களுக்கு நாளொன்றுக்கு மும்முறை உணவு, வேண்டும்பொழுது மருந்து, உடுக்க உடை, நான்கு நாட்களுக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கு. ஓர் அரசர் அந்நிய அதிகாரிக்கு எழுதிய கடிதத்தில் எண்ணெய் முழுக்கு இடம்பெற்றது நின்று நினைக்கத்தக்கது.

சோறிடுதல் அகப்பையால் ஆகும். நூறு பேர்க்கு ஆக்கிய உலையில் நூற்றொருவர்க்கும் இடம் உண்டு. இடுபவன் உண்பவன் முகத்தைப் பாராமலே இட்டுச் செல்லலாம். உடை கொடுத்தல் கணக்கனால் ஆகும். எண்ணெய் முழுக்கோ கையால் அன்றி ஆகாது. பிள்ளையைப் பிடித்து உட்காரவைத்து, உச்சியில் எண்ணெய் வைத்துத் தேய்த்து, காதின் பின்புறமும் கழுத்தும் முதுகும் உருவி, வெந்நீரின் சூடு பார்த்து வார்த்து, சீயக்காயோ அரப்போ கண்ணிற் படாமல் தேய்த்து, பட்டுவிட்டால் அது கதறுவதைப் பொறுத்து, தலையைத் துவட்டி விடவேண்டும். தலையிற் புண் உண்டா, உடம்பு மெலிந்ததா, காய்ச்சல் தொடங்குகிறதா என்பனவெல்லாம் தேய்ப்பவர் கைக்குத் தெரிந்துவிடும். எவ்வீட்டிலும் தாய்க்கு இது பெரும்பணி. பிள்ளைகள் ஓடி ஒளிவதும், அவள் பிடித்திழுத்து வருவதும் சனிக்கிழமைதோறும் காணும் காட்சி. நான்கு நாட்களுக்கு ஒருமுறை என்றால் ஒரு பிள்ளைக்கு மாதத்தில் ஏழெட்டு முறையாயிற்று. இருபது பிள்ளைகள் உள்ள சத்திரமாயின் நாள்தோறும் ஐந்து தலைகள் யாரோ ஒருவர் கையில் இருந்திருக்க வேண்டும். அக்கை யாருடையது என்று கடிதம் கூறவில்லை. சம்பளம் பெற்ற பணியாளருடையதாகவே இருந்திருக்கலாம். அதனாலென்னை? பிள்ளையின் தலைக்கு வேண்டுவது கை.

பேடன் பவலின் முகாமிற் கடலாடல் இருந்தது. இக்காலத்து முகாம்களில் குழாய்நீர் இருக்கிறது. வரிசையாக நின்று விரைவில் நீராடி வருக என்பது கட்டளை. எட்டு வயதுப் பிள்ளை தானே குளித்து வந்தான் என்று மகிழ்வோரும் உளர். தன் காரியத்தைத் தான் செய்யப் பழகுதல் நன்றே. ஆயின் அம்மகிழ்ச்சி பத்துநாள் முகாமுக்கே பொருந்தும்.

சத்திரத்துப் பள்ளியில் அப்பிள்ளைகளின் பகற்பொழுது எவ்வாறு சென்றிருக்கும் என்பதை அக்காலத்துத் திண்ணைப்பள்ளி முறையால் ஒருவாறு உணரலாம். அம்முறையை, பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரத்தில் 1855-ல் தோன்றிய மகாமகோபாத்தியாய சாமிநாதையரவர்கள் தம் சரித்திரத்தில் எழுதி வைத்துள்ளார்கள். விடியுமுன் பிள்ளைகள் பள்ளிக்கு ஓடுவர். முதலில் வந்தவனுக்கு வேத்தான் என்று பெயர். மணலில் எழுத்தெழுதுதல், முறைசொல்லுதல், ஓலையில் எழுதுதல் எனப் பகல் கழியும். மாலையில் வீட்டுக்கு விடுமுன் ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூவின் பெயரோ பறவையின் பெயரோ ஊரின் பெயரோ சொல்லி அனுப்புவார். மறுநாட் காலையில் அதனை மறவாது சொல்லவேண்டும். நினைவாற்றலை வளர்க்கக் கண்ட எளிய வழி இது. மகிழம்பூ என்றும் நாரை என்றும் திருவையாறு என்றும் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே பிள்ளைகள் தெருவழியே செல்வர், அச்சொல்லோடு உறங்குவர்.

சத்திரத்துப் பிள்ளைக்குத் தெருவழியே செல்லும் வேலை இல்லை. ஆசிரியர் இருக்கும் இடமே அதற்கு வீடு. பகலில் முறை கேட்ட அவரே இரவிலும் பொறுப்பாளர்; பிரம்பு பிடித்தவரே மருந்துக்கும் சொல்லி அனுப்புவார். பிள்ளைகளைப் பிறிதொரு காவலர்பால் விடாமல் ஆசிரியர்பால் விட்டதிற் கருத்துண்டு. குருகுலத்தில் தங்கிக் கற்பது இந்நாட்டுக்குப் புதிதன்று. ஆதீனங்களில் இன்றும் தேவார மாணவர் அவ்வாறு தங்கிப் பயில்கின்றனர். ஆனால் குருகுலத்துக்குப் பிள்ளை கல்வி வேண்டிச் செல்கிறது. சத்திரத்துக்கு அது கல்வியை நினைந்து வரவில்லை. வழியிற் கைவிடப்பட்டு வந்தது. அதற்கும், எக்கலையில் விருப்பமோ அக்கலை கற்பிக்கப்பட்டது என்று கடிதம் கூறுகிறது. பிள்ளையின் விருப்பம் கேட்கப்பட்டது என்பதே அதன் பொருள். பெற்றோருள்ள பிள்ளைகளுக்கும் எளிதில் வாய்ப்பதன்று இது.

இக்கடிதம் எழுதிய அரசருக்கு அப்பொழுது வயது இருபத்துமூன்று. அவர் பெற்றோர் வீட்டில் வளர்ந்தவரல்லர். 1787-ல் ஒன்பது வயதில் துளசா மன்னருக்குச் சுவீகாரமாக வந்தார். அவ்வாண்டே துளசா மறைந்தார். அரியணை ஏறிய சிற்றப்பன் அமர்சிங் காலத்தில் கல்வியின்றி அரண்மனையில் அடைபட்டிருந்தார். சுவார்ட்ஸ் பாதிரியார் முயற்சியால் 1793-ல் சென்னைக்குச் சென்றபின்னரே அவருக்கு ஒழுங்கான கல்வி வாய்த்தது. 1798-ல் முடிசூடினார். சத்திரத்துப் பிள்ளைகளைப் பற்றி எழுதுங்கால் அவர் தம் இளமையை நினைந்தாரோ, அறியோம். பிறர் கையில் வளர்ந்தவர் ஒருவரே அவ்வரிகளை எழுதினார் என்பது மட்டும் தெளிவு.

சைவ நன்மக்களுக்கு இவ்விடத்தில் திருநாவுக்கரசு சுவாமிகள் நினைவுக்கு வராதிரார். இளமையில் தாய்தந்தையரை இழந்து, தமக்கையார் கையில் வளர்ந்த அப்பெருமான், நிலையாமையுணர்ந்து செய்த முதற்செயல் அறச்சாலைகளும் தண்ணீர்ப்பந்தர்களும் அமைத்ததே என்று சேக்கிழார் பெருமான் கூறுவர். அவர் திருப்பெயரையே சாலைக்கும் தண்ணீர்ப்பந்தருக்கும் இட்டு அப்பூதியடிகள் வழிபட்ட திங்களூர், தஞ்சைக்கு அணித்தாகத் திருவையாற்றுப் பக்கத்தில் உள்ளது. அன்புக்குரியார் பெயரால் பிறர்க்குச் சோறும் நீரும் அளித்தல் இம்மண்ணில் அவ்வாறு வேரூன்றிய செயல்.

சரபோசி மன்னரும் அதனையே செய்தார். கடிதம் எழுதிய அடுத்த ஆண்டாகிய 1802-ல், தம் அன்புக்குரிய முத்தம்பாள் பெயரால், தஞ்சையிலிருந்து பட்டுக்கோட்டை செல்லும் வழியில் ஒரத்தநாட்டில் ஒரு சத்திரம் நிறுவினார். உயிர் பிரியுங்கால் அவ்வம்மை தம் பெயரால் ஓர் அறம் வேண்டும் என்று கேட்டார் என வழங்குவர். யானையும் குதிரையும் இழுக்கும் தேர்போலச் செதுக்கிய முகப்போடு அக்கட்டடம் இன்றும் காணத்தக்கது. மேட்டூர் அணை 1934-ல் நிறைவுற்றுக் கல்லணைக் கால்வாய் அப்பக்கத்தை நெல்விளையும் நிலமாக்கியது பிற்காலத்துச் செய்தி.

1855-ல் தஞ்சை அரசு முடிவுற்றது. சத்திரங்கள் அரசினர் பொறுப்பிற் சென்றன. 1914-ல் பாம்பன் பாலம் திறந்தபின் சேதுயாத்திரிகர் புகைவண்டியிற் சென்றனர்; நெடுவழி ஓய்ந்தது. நடந்து வருவோர் இல்லாத வழியில் நள்ளிரவு மணிக்கு வேலை இல்லை.

விடுமுறையிற் பிள்ளைகளைத் தங்குவித்துத் திருமுறை பயிற்ற விரும்பும் அன்பர்கள் பாடத்திட்டத்தை நன்கு வகுக்கின்றனர். எத்தனை பதிகம், எத்தனை பண் என்பன குறிப்பில் உள்ளன. இரவில் விழித்தழும் பிள்ளைக்கு அருகில் உறங்குபவர் யார், தலைக்கு எண்ணெய் வைப்பவர் யார் என்பனவும் அக்குறிப்பில் எழுதப்படுதல் வேண்டும். 1801-ல் எழுதியவர் அதனை விட்டுவிடவில்லை. பிள்ளை எப்பொழுது வெளியேறும் என்பதையும் அவர் குறித்துள்ளார். நாட்கணக்கு அன்று அது. கற்கவேண்டியதை நன்கு கற்றபின், சத்திரச் செலவிலேயே அதற்குத் திருமணமும் செய்துவைத்தனர்.