தம்பிக்கு ஒரு கடிதம்

கரமனை,
திருவனந்தபுரம்.

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ அனுப்பிய ஃபைலைப் பார்த்தேன். ஏலே, ராத்திரி ரெண்டு மணிக்கா ஒருத்தன் மெயில் அனுப்புவான்? அம்மாவுக்குத் தெரிந்தால் அடுத்த பஸ்ஸிலேயே சென்னைக்கு வந்து நிற்பாள். வேளைக்குச் சாப்பிடு, தூங்கு.

இனி உன் சந்தேகம். எக்ஸ்எம்எல் ஃபைலில் ஒரே ஆழத்தில் இருக்கிற தலைப்புகளை எடுக்கச் சொன்னால் உன் எக்ஸ்பாத் பாதியோடு நின்றுவிடுகிறது. 'ஃபாலோயிங் சிப்ளிங்' போட்டிருக்கிறாய், வேறென்ன ஆகும்? அது ஒரு தாய் பிள்ளைகளில் பின்னால் வருகிறவர்களை மட்டும்தான் காட்டும். சித்தப்பா மகன் வேறு வீட்டில் வளர்ந்தாலும் தாத்தாவிலிருந்து எண்ணினால் நீயும் அவனும் ஒரே தலைமுறைதானே? அதே கணக்குதான். ஒவ்வொன்றுக்கும் மேலே எத்தனை முன்னோர் என்று எண்ணு.

/*/*/* என்று எழுதினால் மூன்றாம் படியில் இருப்பதெல்லாம் வரும். //*[கவுண்ட்(ஆன்செஸ்டர்::*)=2] என்றாலும் அதேதான்; எண்ணை மட்டும் மாற்றி எந்தப் படிக்கும் போகலாம். 1999இல் வந்த முதல் எக்ஸ்பாத்திலேயே இது உண்டு.

ஆனால் ஆய்விதழ்க் கட்டுரைக்கான ஜாட்ஸ் ஃபைலில் இதை அப்படியே போட்டுவிடாதே. 'பாடி'க்குள் வரும் முதல் 'செக்'குக்கு மேலே இரண்டு பேர்தான். பின்னிணைப்பில் வரும் 'செக்'குக்கு மேலே 'ஆர்ட்டிக்கிள்', 'பேக்', 'ஆப் குரூப்', 'ஆப்' என்று நாலு பேர். படியை மட்டும் பார்த்தால் பின்னிணைப்புத் தலைப்பு பிடிஎஃப்பில் பொடி எழுத்தாகிவிடும். ஆசிரியர் புரூஃபைத் திருப்பி அனுப்புவார். அதனால் 'செக்' முன்னோரை மட்டும் எண்ணு: //செக்[கவுண்ட்(ஆன்செஸ்டர்::செக்)=1]/டைட்டில். இரண்டாம் நிலைத் தலைப்புகள் எங்கே இருந்தாலும் வந்துவிடும். எதை எண்ணுகிறோம் என்று முதலில் முடிவு செய். அதுதான் இதில் பாதி வேலை.

இன்னொரு விஷயம். இந்த ஊரை நீ டெக்னோபார்க்கும் பத்மநாபசுவாமி கோயிலும் என்றுதானே நினைத்திருக்கிறாய்? பக்கம் கோக்கும் டெக் மென்பொருளின் உலகப் பயனர் மாநாடு 2002லும் 2011லும் இங்கேதான் நடந்தது. எக்ஸ்எம்எல்லை டெக்கில் ஓட்டி ஆய்விதழ் பக்கமாக்கும் கைகள் இங்கே நிறைய. உனக்கும் இங்கே ஒரு வேலை கிடைக்காமலா போகும்? அம்மாவுக்கும் நாகர்கோவிலிலிருந்து வந்துபோக வசதி. யோசித்துப் பார்.

லீவு கிடைத்தால் அனந்தபுரி எக்ஸ்பிரஸில் ஏறி வா. உன்னைப் படுத்துகிற ஃபைல் ஒன்றையும் கையோடு கொண்டு வா. பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தால்தான் இது உன் மண்டையில் ஏறும்.

அன்புடன்,
அக்கா