குடும்ப மருத்துவருக்கு யார் பாடம் சொல்வது?

காக்கநாடு, கொச்சி



குடும்ப மருத்துவத்தில் முதுநிலை இடங்கள் கூட வேண்டும் என்ற பேச்சு நம் ஊரில் எழும்போதெல்லாம், எந்தக் கல்லூரி, எத்தனை இடம், எத்தனை பேராசிரியர் என்றுதான் கணக்குப் போடுகிறோம். சேரும் மாணவர் மூன்று வருஷமும் யார் யாரோடு வேலை செய்யப் போகிறார் என்று கேட்பதில்லை. அந்தக் கேள்விதான் முதலில் வர வேண்டும் என்பது என் கட்சி. செவிலியர், மருந்தாளுநர், சுகாதார ஆய்வாளர், வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணியாளரான ஆஷா, அலுவலக எழுத்தர் ஆகியோரின் பணியிடங்களை நிரப்பி, பயிற்சியில் அவர்களுக்கு முறையான பங்கும் கொடுத்தால்தான் குடும்ப மருத்துவர் உருவாவார். பேராசிரியர்களை மட்டும் நியமித்தால் பட்டம் வாங்கிய இன்னொரு ஆஸ்பத்திரி டாக்டர்தான் கிடைப்பார். எம்.டி. குடும்ப மருத்துவப் படிப்பை நாட்டிலேயே முதலில் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி கோழிக்கோட்டில் இருக்கிறது. ஆகவே கேரளத்தை வைத்தே பேசுகிறேன்.

2017-ல் கேரள அரசின் ஆர்த்ரம் சுகாதாரத் திட்டத்தின் முதல் கட்டமாக, இங்கே 170 ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப ஆரோக்கிய மையங்களாக மாற்றும் வேலை தொடங்கியது. மதியத்தோடு முடிந்துவந்த புறநோயாளர் பிரிவு (ஓ.பி.) மாலை ஆறு மணி வரை நடக்க வேண்டும். மூன்று மருத்துவர்கள், நான்கு செவிலியர்கள், மருந்தாளுநர், லேப் டெக்னீஷியன் வேண்டும் என்பது ஏற்பாடு. இதில் எனக்கு மிகப் பெரிதாகப் படுவது பிரீ-செக் என்று இங்கே சொல்லும் சிறிய மேசை. ஓ.பி. சீட்டு வாங்கியவர் நேரே டாக்டர் அறைக்குப் போவதில்லை. முதலில் செவிலியரிடம் உட்காருகிறார். எடை, ரத்த அழுத்தம் பார்த்து, என்ன உபாதை, எத்தனை நாளாக, ஏற்கெனவே என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டுக் குறிக்கிறார்கள். டாக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு விழுங்கிவிடும் சங்கதிகள் இந்த மேசையில் வெளியே வரும்: மாத்திரை தீர்ந்து பத்து நாளாகிறது, மருமகள் ஊருக்குப் போனதிலிருந்து இன்சுலின் போட ஆளில்லை, இரவில் தூக்கமே கிடையாது. முதுநிலை மாணவர் ஒரு மாதம் இந்த மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால், கட்டுக்குள் வராத சர்க்கரைக்குக் காரணம் பல சமயம் மருந்தின் அளவில் இல்லை, வீட்டில் இருக்கிறது என்று தெரிந்துகொள்வார்.

அந்த ஏற்பாடே ஆள் இல்லாத இடத்தில் சிக்கலில் மாட்டியது. 2018 ஏப்ரலில் கேரள அரசு மருத்துவர்கள், போதிய ஆட்களை நியமிக்காமல் மாலை ஓ.பி.யை நீட்டுவதை எதிர்த்து வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். நோயாளிகள் அவதிப்பட்டார்கள், அரசு கடுமை காட்டியது, சில நாளில் போராட்டம் முடிந்தது. முன்னறிவிப்பில்லாமல் ஓ.பி.யை மூடியதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அவர்கள் எழுப்பிய கேள்வி நியாயமானது. வேலை நேரத்தைக் கூட்டுவதற்கு ஒரு அரசாணை போதும். வேலையைச் செய்ய ஆட்கள் வேண்டும்.

அந்த ஆட்கள் ஏன் வேண்டும் என்பதற்கு, நான் வாழும் இந்தப் பகுதியில் நடந்த, ஊரறிந்த இரண்டு சம்பவங்கள் உண்டு. 2023 மார்ச் தொடக்கத்தில் பிரம்மபுரம் குப்பைக் கிடங்கு தீப்பற்றி, பத்து நாளுக்கு மேல் புகை காக்கநாட்டையும் கொச்சியையும் மூடியது. மூச்சுத்திணறலோடு வந்தவர்களை மருத்துவமனைகள் கவனித்தன. வராதவர்களைக் கண்டுபிடிக்க ஆஷா பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்ப வேண்டியிருந்தது. எந்த வீட்டில் ஆஸ்துமா, எங்கே கர்ப்பிணி, எங்கே படுத்த படுக்கையாக ஒரு முதியவர் என்ற விவரம் அவர்கள் கையில்தான் இருந்தது. அடுத்த வருஷம் ஜூனில் இங்கே ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் நூற்றுக்கணக்கானோருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக உப்புச்சர்க்கரைக் கரைசல் எழுதிக்கொடுத்தால் தீரும் விஷயமா அது? தண்ணீர்த் தொட்டிகளிலிருந்து மாதிரி எடுத்துச் சோதிக்க வேண்டியிருந்தது. மாதிரி எடுப்பது, குளோரின் பார்ப்பது, யார் எந்த நாள் படுத்தார் என்று பட்டியலிடுவது எல்லாம் சுகாதார ஆய்வாளரின் தொழில். குடும்ப மருத்துவம் படிப்பவர் இதைப் பாடப்புத்தகத்தில் படித்துவிட்டுத் தேர்வு எழுதலாம். ஆய்வாளரோடு மொட்டைமாடித் தொட்டிக்கு ஏறிப் பார்க்காதவருக்கு, மூன்றாவது வயிற்றுப்போக்கு நோயாளி வரும்போது தண்ணீரைப் பற்றிக் கேட்கத் தோன்றாது.

இதற்கு வரும் முதல் மறுப்பு, டாக்டருக்கு டாக்டர்தானே சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது. நோயறிவதையும் மருந்து தேர்வதையும் மூத்த மருத்துவரிடம்தான் கற்க வேண்டும், அதில் தகராறில்லை. ஆனால் நம் நாட்டில் எம்.டி.க்கு இணையான டி.என்.பி. குடும்ப மருத்துவப் பயிற்சியின் பெரும் பகுதி ஆஸ்பத்திரித் துறைகளில் மாறி மாறிப் பணிபுரிவதிலேயே கழிகிறது. அங்கே வரும் நோயாளி ஏற்கெனவே வீட்டைவிட்டு வந்தவர். அதே ஆளை அவர் வீட்டுக் கட்டிலில் பார்ப்பது வேறு படிப்பு. கேரளம் 2008-லேயே வலிதணிப்புச் சிகிச்சைக்கென்று கொள்கை வகுத்த மாநிலம். உள்ளாட்சிகளின் ஆதரவோடு செவிலியர் வண்டியேறி வீடுகளுக்குப் போகிறார். சிறுநீர்க் குழாயை மாற்றுகிறார், படுக்கைப் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறார், நோயாளியின் மனைவிக்கு முதுகுவலி எப்படி இருக்கிறது என்றும் விசாரிக்கிறார். அந்த வண்டியில் கற்றுக்கொள்ள இருப்பதைக் கற்றுத்தரும் தகுதி அந்தச் செவிலியருக்கே உண்டு. இங்கிலாந்தில் பொதுமருத்துவப் பயிற்சியில் இருப்பவரைப் பற்றி வரவேற்பு மேசைப் பணியாளரும் மதிப்பீடு எழுதுகிறார். நம் மாணவர்களைப் பற்றி ஒரு கிராம சுகாதாரச் செவிலியர் எழுதினால் என்ன குறைந்துவிடும்?

இரண்டாவது மறுப்பு கனமானது: ஏற்கெனவே முதுகொடியும் வேலையில் இருப்பவர்கள் தலையில் கற்பிக்கும் சுமையையும் ஏற்றுவதா? சம்பளத்தையும் ஆளையும் கூட்டாமல் ஏற்றினால் அது அநியாயம்தான். 2025 பிப்ரவரி 10 அன்று கேரள ஆஷாக்கள் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் உட்கார்ந்தார்கள். மாதம் 7,000 ரூபாய் மதிப்பூதியத்தை 21,000 ஆக்க வேண்டும், ஓய்வு பெறும்போது ஐந்து லட்சம் தர வேண்டும் என்று கேட்டு மாதக்கணக்கில் போராடினார்கள். பொதுச் சுகாதாரத்தில் முன்னோடி என்று பெயரெடுத்த மாநிலத்திலேயே இந்த நிலை. ஆஷாவின் அறிவைப் பயன்படுத்திக்கொண்டு அவரைத் தொண்டர் என்றே வைத்திருப்பது வெட்கப்பட வேண்டிய விஷயம். மாணவருக்கு வழிகாட்டும் நேரம் வேலை நேரமாகக் கணக்கில் வர வேண்டும், அதற்குத் தனிப் படி வேண்டும், இரட்டைப் பணி பார்க்காமலிருக்கக் கூடுதல் ஆள் வேண்டும்.

பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். இங்கிலாந்து 1960களில் இதே நெருக்கடியில் நின்றது. பொதுமருத்துவர்கள் வெளிநாடு போனார்கள். கூட்டாக ராஜினாமா செய்வோம் என்றார்கள். 1966-ல் வந்த ஒப்பந்தம், உதவிப் பணியாளர்களை வைத்துக்கொண்டால் அவர்கள் ஊதியத்தில் 70 சதவீதத்தை அரசு திருப்பித் தரும் என்றது. ஊதிய முறையிலும் கட்டட வாடகையிலும் செய்த மாற்றங்களும் சேர்ந்தன என்பது உண்மை. என்றாலும் அங்கே தனியாளாக நடத்திவந்த கிளினிக், செவிலியரும் எழுத்தரும் உள்ள குழுவாக மாறியதற்கு அந்த 70 சதவீதம் முக்கியக் காரணம். பொதுமருத்துவத்துக்குப் பயிற்சியைக் கட்டாயமாக்கும் சட்டம் அதற்குப் பத்து வருஷம் கழித்து, 1976-ல் வந்தது. ஆள் முதலில், பட்டம் பிறகு. நாம் தலைகீழாகச் செய்யப் பார்க்கிறோம்.

யாரும் பேசாத இன்னொரு பணியிடம் உண்டு. அமெரிக்காவில் குடும்ப மருத்துவப் பயிற்சித் திட்டம் நடத்த ஓர் ஒருங்கிணைப்பாளர் கட்டாயம் வேண்டும் என்று அங்கீகார விதியே சொல்கிறது. சுழற்சிப் பட்டியல், விடுப்பு, மதிப்பீட்டுப் படிவம், தேர்வுப் பதிவு எல்லாம் அவர் பொறுப்பு. இரவுப் பணி முடித்துச் சோர்ந்து வரும் மாணவரின் முகம் வாடியிருப்பதை முதலில் கவனிப்பவரும் பெரும்பாலும் அவராகவே இருப்பார். நம் கல்லூரிகளில் இந்த வேலை துறைத்தலைவரின் மேசையிலோ வேறு பத்து வேலை பார்க்கும் எழுத்தரின் மேசையிலோ குவிகிறது. துறைத்தலைவர் படிவம் நிரப்பும் நேரம், மாணவரோடு நோயாளி வீட்டுக்குப் போயிருக்க வேண்டிய நேரம்.

தமிழ்நாட்டுக்கு இது தொலைவில் இல்லை. நம் நகர்ப்புற நலவாழ்வு மையங்களின் திட்டத்திலேயே மருத்துவரோடு செவிலியர், சுகாதார ஆய்வாளர், உதவியாளர் என்று ஒரு சிறு குழு இருக்கிறது. 2021-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், மாத்திரையோடு பெண் தன்னார்வலரை வீட்டு வாசலுக்கே அனுப்புகிறது. வேலூர் சி.எம்.சி.யில் குடும்ப மருத்துவத் துறை பல காலமாக நகரத்து ஏழைகளிடையே வேலை செய்துவருகிறது. இவற்றை முதுநிலைப் படிப்போடு இணைப்பதுதான் மிச்சம். புதிய இடம் கேட்டு ஒரு கல்லூரி விண்ணப்பிக்கும்போது, படுக்கை எண்ணிக்கையோடு, பயிற்சி தரும் மையத்தில் எத்தனை பணியிடம் காலியாக இருக்கிறது என்றும் எழுதித்தரச் சொல்ல வேண்டும். பாதி காலியாக இருந்தால் அவை நிரம்பும் வரை அனுமதி தரக் கூடாது.