தாத்தாவின் துப்பாக்கியும் அப்பாவின் பெட்டியும்

ரப்பர் தோட்டத்தில் முப்பத்தெட்டு ஆண்டுகள் தச்சு வேலை பார்த்தவன் நான். லயத்து வீடுகளுக்குக் கதவு, தமிழ்ப் பள்ளிக்கு மேசை, கோயிலுக்குப் பல்லக்குக் கட்டை என்று எத்தனையோ செய்திருக்கிறேன். ஒரு துப்பாக்கிக் கட்டைக்கு எண்ணெய் பூசுவேன் என்று மட்டும் கனவிலும் நினைத்ததில்லை. அது நடந்தது 2019 நவம்பரில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இருக்கும் என் மகன் வீட்டிற்குப் போயிருந்தபோது.

அடுத்த வீட்டுப் பெரியவர் கார் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்றவர். அந்த மாநிலத்தில் ஆண்டுதோறும் நவம்பர் 15-ஆம் தேதி துப்பாக்கியால் மான் வேட்டையாடும் பருவம் தொடங்கும். அவருடைய பேரன் அந்த ஆண்டு முதன்முறையாக வேட்டைக்குப் போகவிருந்தான். தம் தாத்தா விட்டுச்சென்ற பழைய துப்பாக்கியை அவனிடம் கொடுக்க வேண்டும் என்பது பெரியவரின் ஆசை. நான் தச்சன் என்று கேள்விப்பட்டதும், "உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புத்தம் புதிதாக்கித் தர முடியுமா?" என்று கேட்டார்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. நம் நாட்டில் உரிமம் இல்லாமல் ஒரு தோட்டா வைத்திருந்தாலே குற்றமாயிற்றே! என் தயக்கம் மகனுக்குப் புரிந்துவிட்டது.

"விசாவில் வந்தவங்க இங்கே துப்பாக்கியைக் கையில வச்சிருக்கச் சட்டம் இடம் கொடுக்காது. நீங்க இரும்பைத் தொடவே வேணாம்பா. கட்டையை மட்டும் கழற்றிக் கொடுக்கச் சொல்றேன்" என்றான்.

பெரியவர் துப்பாக்கியைக் கொண்டுவந்தார். முதல் காரியமாக, அதன் அடியில் இருந்த நெம்புகோலைக் கீழே தள்ளித் திறந்தார். அதை ஒருமுறை கீழே தள்ளி மேலே இழுத்தால் வெற்றுக் குப்பி வெளியே விழுந்து, அடுத்த தோட்டா உள்ளே ஏறும். அவர் உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். குழலுக்கு அடியில் தோட்டா அடுக்கும் நீண்ட குழாயும் காலிதானா என்று பார்த்தார். பிறகுதான் மேசைமேல் வைத்தார்.

எந்தத் துப்பாக்கி, எந்தக் காலத்தது என்று அவருக்கே சரியாகத் தெரியாது. மகன் விளக்கைப் பிடித்துக்கொண்டு, குழலில் பொறித்திருந்ததைப் படித்தான். வின்செஸ்டர் கம்பெனி, 1894-ஆம் ஆண்டு மாடல். ஜான் பிரௌனிங் என்ற மேதை வடிவமைத்து, கனெக்டிகட் மாநிலத்து நியூஹேவன் நகரில் செய்யப்பட்டது. 2006-இல் அந்தத் தொழிற்சாலை மூடப்படுவதற்குள் எழுபது லட்சத்துக்கு மேல் செய்துவிட்டார்களாம். நெம்புகோலுக்கு முன்னால், இரும்பின் அடிப்பக்கத்தில் வரிசை எண் இருந்தது. ஒன்பது லட்சத்துச் சொச்சம். இந்த மாடலின் பத்து லட்சமாவது துப்பாக்கியை 1927-இல் அமெரிக்க ஜனாதிபதி கால்வின் கூலிட்ஜுக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். ஆகவே இது அதற்கும் முந்தியது என்று மகன் கணக்குப் போட்டுச் சொன்னான்.

வயோமிங் மாநிலத்துக் கோடி நகர அருங்காட்சியகத்தில் பழைய தொழிற்சாலைப் பதிவேடுகள் இருக்கின்றன. ஆனால் இந்த மாடலுக்கு அங்கே இருப்பது 3,53,999-ஆம் எண் வரைக்கும்தான். பெரியவரின் துப்பாக்கிக்கு ஏட்டில் இடமில்லை. அதன் கதை எங்காவது இருந்தால் அந்த மரத்திலும் இரும்பிலும்தான் இருக்கவேண்டும்.

பின்பக்கத் திருகு ஒன்றைக் கழற்றி, கட்டையை நேராகப் பின்னுக்கு இழுத்து என் கையில் கொடுத்தார். அமெரிக்க வால்நட் மரம். நூறு ஆண்டு அழுக்கில் கறுத்துப்போயிருந்தது.

"உப்புத்தாள் வேண்டாம்" என்றேன்.

அவருக்கு ஏமாற்றம். நான் காரணம் சொன்னேன். மரமும் இரும்பும் சேரும் இடத்தில் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி அன்றைய தொழிலாளி செய்திருக்கிறான். தேய்த்தால் மரம் இரும்புக்குக் கீழே இறங்கிவிடும். அப்புறம் எந்தக் கொம்பனாலும் அதை ஏற்ற முடியாது. இரும்பையும் மெருகுச் சக்கரத்தில் கொடுத்தால் எழுத்துகள் மழுங்கும், விளிம்புகள் உருண்டுவிடும். பழம்பொருள் சேர்ப்பவர்கள் அப்படிப்பட்டதற்குப் பாதி விலைகூடக் கொடுக்கமாட்டார்கள் என்று மகனும் எடுத்துச் சொன்னான்.

"விற்கவா போகிறேன்?" என்றார் பெரியவர்.

அப்போதுதான் என் அப்பாவின் பெட்டியைப் பற்றிச் சொன்னேன்.

இந்திய அரசாங்கம் 1938-இல் தோட்டக் கூலிகளை அனுப்புவதைத் தடை செய்தது. அதற்குமுன் மலாயாவுக்கு வந்தவர் என் அப்பா. வரும்போது ஒரு மரப்பெட்டி கொண்டுவந்தார். நான் பதினொரு வயதாக இருக்கும்போதே அவர் இறந்துவிட்டார். அம்மா தோட்டத்திலேயே பிறந்தவர். 1969-இல் தச்சு வேலை கற்றுக்கொண்ட புதிதில், என் திறமையைக் காட்ட அந்தப் பெட்டியை இழைப்புளியால் இழைத்து, பச்சைச் சாயம் பூசினேன். மூடியின் உட்பக்கத்தில் தாரால் எழுதிய எழுத்துகள் இருந்தன. பெயர், தகப்பன் பெயர், ஊர், தாலுகா. மங்கிக் கிடந்தன. நின்று படிக்க எனக்குப் பொறுமையில்லை. எல்லாம் சுருள் சுருளாகத் தரையில் விழுந்தன. அம்மா மெச்சிக்கொண்டார்.

பின்னால் என் மகன், "தாத்தாவின் ஊர் எதுப்பா?" என்று கேட்டான். "சேலம் பக்கம்" என்பதற்குமேல் என்னால் சொல்ல முடியவில்லை. இன்றுவரை முடியவில்லை.

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "உங்கள் இஷ்டப்படி செய்யுங்கள்" என்றார்.

டர்பன்டைன் நனைத்த துணியால் அழுக்கைத் துடைத்தேன். நசுங்கிய இடங்களில் ஈரத்துணி வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியை மெல்லத் தொட்டுத் தொட்டு எடுத்தேன். ஆவி பட்டதும் மரம் உப்பி மேலே வரும். இது நம் தச்சர்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் ஒன்று: நசுங்கிய மரம் எழும்பும், வெட்டுப்பட்ட மரம் எழும்பாது. பள்ளங்கள் ஒவ்வொன்றாக மறைய, கன்னம் வைக்கும் பக்கத்தில் சில கீறல்கள் மட்டும் அப்படியே நின்றன. விளக்கைச் சாய்த்துப் பிடித்தேன். கத்தி முனையால் வெட்டிய இரண்டு ஆங்கில எழுத்துகள். பக்கத்தில் ஐந்து சிறு கோடுகள்.

பெரியவரைக் கூப்பிட்டுக் காட்டினோம். "இது தாத்தாவின் பெயர் இல்லையே" என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். மறுபடி பார்த்தார். "இது என் பாட்டி!" என்றார்.

தாத்தா மாநிலத்தின் வடபகுதியில் சுரங்கத் தொழிலாளியாம். அவர் சுரங்கமே கதியென்று கிடக்க, பனிக்காலத்தில் பிள்ளைகளுக்கு இறைச்சி கொண்டுவந்தது பாட்டிதான் என்று அவருடைய அம்மா எப்போதோ சொன்னாராம். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. துப்பாக்கி தாத்தாவின் துப்பாக்கி என்றே பெயராகிவிட்டது.

அந்த எழுத்துகள்மேல் மிக மெல்லியதாக ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கையால் தேய்த்து ஏற்றினேன். எண்ணெய் தோய்ந்த துணிகளைக் குவித்துப் போடாமல் விரித்துக் காயப்போட்டேன். குவித்தால் அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். வீட்டில் இந்த எண்ணெயைப் பயன்படுத்துவோர் மறக்கக்கூடாது. இரும்பைப் பெரியவரே பார்த்துக்கொண்டார். எண்ணெய் விட்டு, மிக மெல்லிய இரும்புப் பஞ்சால் செந்துருவை மட்டும் எடுத்தார். தூக்கிச் செல்லும்போது கை பிடிக்கும் அடிப்பகுதியில் கருநீலம் தேய்ந்து வெள்ளியாகத் தெரிந்தது. அதற்குச் சாயம் ஏற்றவில்லை. "பாட்டியின் கை பட்ட இடம்" என்றார்.

நவம்பர் 14 இரவு பேரன் வந்தான். பெரியவர் முதலில் அந்த ஐந்து கோடுகளைத்தான் காட்டினார்.

பச்சைப் பெட்டி இன்னும் என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. ஊர் திரும்பியதும், ஒருவேளை ஏதாவது மிஞ்சியிருக்குமோ என்று மூடியின் உட்பக்கத்தில் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். மரம்தான் இருந்தது. நான் நல்ல தச்சன், சுத்தமாக இழைத்திருந்தேன்.

உங்கள் வீட்டிலும் ஒரு பழைய பெட்டி, ஒரு பித்தளைச் செம்பு, ஒரு பால்வெட்டும் கத்தி இருக்கலாம். புதுப்பிக்கலாம், தவறில்லை. ஆனால் அதற்குமுன் வெளிச்சத்தில் வைத்து, அதில் என்ன இருக்கிறது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.