கார் நுழையாத மலையூர் மாதேரான்

மும்பைத் தமிழர்கள் காலையில் கிளம்பி இரவில் வீடு திரும்பிவிடக்கூடிய மலை வாசஸ்தலம் மாதேரான். ராய்கட் மாவட்டத்தின் கர்ஜத் வட்டத்தில், ஏறத்தாழ 800 மீட்டர் உயரமுள்ள தட்டையான மலையுச்சியில் ஊர் அமைந்திருக்கிறது. மாட்டுங்கா, தாராவிவாசிகள் தாதரிலும் செம்பூர்வாசிகள் குர்லாவிலும் கர்ஜத் லோக்கலைப் பிடித்தால், ஒன்றரை மணி நேரம்போல் அடிவாரத்து நேரல் நிலையம் வந்துவிடும். 2011 கணக்கெடுப்பின்படி ஊரின் மக்கள்தொகை ஐயாயிரத்தைக்கூட எட்டவில்லை. ஊரை நிர்வகிப்பது 1905இல் ஏற்பட்ட நகராட்சி. ஊருக்குள் ஆலை கிடையாது. சொல்லிக்கொள்ளும்படி விவசாயமும் இல்லை. வெளியூர்க்காரர்கள் வந்தால்தான் இங்கே உலை கொதிக்கும்.

1850இல் தாணே மாவட்ட கலெக்டராக இருந்த ஹியூ மாலட் இந்த மலையில் ஏறிப் பார்த்து, வெள்ளைக்காரர்கள் கோடையைக் கழிக்க ஏற்ற இடம் என்று முடிவு செய்தார். பம்பாய் கவர்னர் எல்பின்ஸ்டன் பிரபு ஊர் அமைவதற்கு ஊக்கம் கொடுத்தார். அதன்பின் ஆங்கிலேயரும் பம்பாயின் பார்சி, போரா செல்வந்தர்களும் மரங்களுக்கிடையே பங்களாக்கள் கட்டிக்கொண்டார்கள். ஊரின் தலையெழுத்தை மாற்றியது ரயில். சர் ஆதம்ஜி பீர்பாய் பணம் போட, அவருடைய மகன் அப்துல் ஹுசேன் 1907க்குள் நேரலிலிருந்து மலையுச்சிவரை இரண்டடி அகலத் தண்டவாளம் போட்டு முடித்தார். செலவு 16 லட்சம் ரூபாய். சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தை அந்தச் சின்ன ரயில் வளைந்து வளைந்து இரண்டரை மணி நேரத்துக்குமேல் ஏறுகிறது. ஜும்மாபட்டி, வாட்டர் பைப், அமன் லாட்ஜ் ஆகியவை வழியில் உள்ள நிலையங்கள். நீலகிரி மலை ரயில் 2005இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. மாதேரான் ரயிலோ இன்னமும் உத்தேசப் பட்டியலில்தான் இருக்கிறது. தனி மனிதர் ஒருவரின் பணத்தில் உருவான இந்தப் பாதைக்கு அந்தத் தகுதி எப்போதோ கிடைத்திருக்க வேண்டும்.

மாதேரானுக்கு இருக்கும் மிகப் பெரிய விளம்பரம் அதன் வாகனத்தடைதான். நேரலிலிருந்து மேலேறும் கார், டாக்ஸி எல்லாம் தஸ்தூரி நாகாவோடு நின்றுவிட வேண்டும். ஆம்புலன்ஸ் போன்ற அவசர ஊர்திகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. அங்கிருந்து கடைவீதி ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர். 2003 பிப்ரவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மாதேரானையும் சுற்றுப்புறத்தையும் சேர்த்து 214.73 சதுர கிலோமீட்டரைச் சூழல் கூருணர்வு மண்டலமாக அறிவித்தபின் இந்தப் பழைய கட்டுப்பாட்டுக்குக் கூடுதல் பலம் கிடைத்தது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வாகன நெரிசல் கட்டுமீறிப் போன பிறகு, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் 2024 மே 7 முதல் இ-பாஸ் கொண்டுவர வேண்டியிருந்தது. மாதேரான் அந்தச் சிக்கலை வாசலிலேயே தடுத்துவிட்டது. ஹாரன் சத்தமும் புகையும் இல்லாத தெருவில் குழந்தைகளை விட்டுவிட்டு நடக்கலாம் என்பதற்காகவே மும்பைக் குடும்பங்கள் இங்கே வருகின்றன. இதற்கு ஈடான விளம்பரப் பலகையை எந்தச் சுற்றுலாத் துறையும் வைத்துவிட முடியாது.

ஆனால் அந்த மூன்று கிலோமீட்டரை யார் கடத்திவிடுவது என்பதில்தான் ஊரின் வருமானமும் சண்டையும் அடங்கியிருக்கின்றன. டாக்ஸியிலிருந்து இறங்கியதும் நுழைவுக் கட்டணச் சீட்டு வாங்க வேண்டும். நகராட்சியின் கஜானாவுக்கு அது முக்கியமான வரவு. சீட்டை வாங்கிக் கையில் பிடிப்பதற்குள் குதிரைக்காரர், பெட்டி தூக்குபவர், ரிக்‌ஷாக்காரர், ஹோட்டல் ஏஜெண்ட் என்று நாலாபக்கமும் ஆட்கள் சூழ்ந்துகொள்வார்கள். ஊரில் உரிமம் பெற்ற குதிரைகள் மட்டும் நானூறுக்கு மேல். சில நிமிட நடையில் அமன் லாட்ஜ் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து கடைவீதிவரை ஷட்டில் ரயிலும் ஓடுகிறது. புதிதாக வருகிறவருக்கு அது தெரிவதில்லை. ரயில் இல்லை, நடந்தால் வெகுதூரம் என்று சொல்லி, அதிகக் காசுக்குக் குதிரையேற்றிவிடுகிறார்கள் என்ற புகார் நெடுநாளாகவே இருந்துவந்தது. ஏமாந்து போனவர் மறுபடி வரமாட்டார், ஊரின் பெயரும் கெட்டுவிடும் என்று பொறுமையிழந்த ஹோட்டல்காரர்களும் கடைக்காரர்களும் ஊர்மக்களும் சேர்ந்து 2025 மார்ச் 18 முதல் காலவரையற்ற கடையடைப்பை அறிவித்தார்கள். அதிகாரிகளோடு பேச்சு நடந்த பிறகே கடைகள் திறந்தன. சுற்றுலாவை நம்பி வாழும் ஊர், சுற்றுலாப் பயணி ஏமாறக் கூடாது என்பதற்காகத் தன் கடைகளையே மூடியது சாதாரணக் காரியமல்ல.

கைரிக்‌ஷாவின் கதை இன்னும் கனமானது. முதியவர்களையும் நோயாளிகளையும் ஏற்றிக்கொண்டு, ஒருவர் முன்னால் இழுக்க மற்றவர்கள் பின்னால் தள்ள, மேடும் பள்ளமுமான செம்மண் பாதையில் ஆட்கள் இழுத்த வண்டி அது. மாற்று வேலை இல்லாததால் அந்தத் தொழிலாளர்கள் அதை விடவும் முடியவில்லை. இ-ரிக்‌ஷாவுக்கு அனுமதி வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தை நாடினார்கள். 2022 மே மாதம் சோதனை ஓட்டத்துக்கு அனுமதி கிடைத்து, அவ்வாண்டு டிசம்பரில் வண்டிகள் ஓடத் தொடங்கின. தங்கள் பிழைப்பு போய்விடும் என்று குதிரைக்காரர்கள் எதிர்த்தார்கள். பிறகு இ-ரிக்‌ஷாக்களின் எண்ணிக்கையை நீதிமன்றம் 20 என்று வரையறுத்தது. 2025 ஆகஸ்ட் 6 அன்று அப்போதைய தலைமை நீதிபதி பி.ஆர்.கவாய் அமர்வு, மனிதனை மனிதன் இழுப்பது மனிதத்தன்மையற்றது என்று கூறி, ஆறு மாதத்துக்குள் கைரிக்‌ஷாவைப் படிப்படியாக நிறுத்த உத்தரவிட்டது. குஜராத்தின் கேவடியாவில் உள்ளூர்ப் பெண்களுக்கு இ-ரிக்‌ஷாவை வாடகைக்குக் கொடுப்பதுபோல் இங்கேயும் செய்யலாம் என்றும், பணமில்லை என்று அரசு கைவிரிக்கக் கூடாது என்றும் சொன்னது. இது எப்போதோ வந்திருக்க வேண்டிய தீர்ப்பு. வண்டியை இழுத்த கைகளுக்கே இ-ரிக்‌ஷாவின் சாவி போய்ச் சேர்ந்தால்தான் இதில் நியாயம் முழுமையாகும்.

பாதையும் வழக்குக்குத் தப்பவில்லை. மாதேரானின் மண் செம்புரைக்கல் மண். மழையில் கரையும், குதிரைக் குளம்பில் பெயரும், வெயிலில் சாணத்தூளோடு கலந்து பறக்கும். அதனால் கல் பாவ வேண்டும் என்று ஒரு சாரார் கேட்டார்கள். கல் பாவினால் அடுத்தபடியாகக் கார் வந்துவிடும் என்று இன்னொரு சாரார் அஞ்சினார்கள். தஸ்தூரியிலிருந்து ஊருக்குள் சிவாஜி சிலைவரை கல் பாவலாம், உள்பாதைகளிலும் காட்டுப் பாதைகளிலும் கூடாது என்று அதே தீர்ப்பு எல்லை வகுத்தது.

விழாக்களைப் பொறுத்தவரை, ஊட்டி மலர்க்கண்காட்சியைப் போல வெளியூர்க்காரர்களை இழுப்பதற்கென்று அரசு பெரிய அளவில் நடத்தும் திருவிழா மாதேரானின் அடையாளமாக இல்லை. சார்லட் ஏரிக்கரையில் உள்ள பிசர்நாத் மகாதேவர் கோயில்தான் ஊர்க்கோயில். மகாசிவராத்திரியன்று ஊரே அங்கே கூடும். கோகுலாஷ்டமியும் கணபதி விழாவும் ஆகஸ்ட், செப்டம்பரில், மழை இன்னும் விடாத மாதங்களில் வருகின்றன. ஏப்ரல், மே, தீபாவளி, ஆண்டிறுதி ஆகிய நெரிசல் காலங்கள் வியாபாரத்துக்கு. மழைக்காலப் பண்டிகைகள் ஊருக்கு. இந்தப் பிரிவினை யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல, பருவம் செய்து கொடுத்தது. ஆனாலும் ஊர் தன்னைத் தனக்கென்று வைத்துக்கொள்ள அது உதவுகிறது.

ஜனவரி 2 இந்த ஊருக்குத் தனி நாள். 1912இல் மாதேரானில் பிறந்து, வழக்கறிஞராகி, நகராட்சித் துணைத் தலைவராகவும் இருந்த விட்டல் லட்சுமண் கோத்வால், 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தில் ஆசாத் தஸ்தா என்ற தலைமறைவுக் குழுவை நடத்தினார். மின்கோபுரங்களைச் சாய்த்து பம்பாய்க்கான மின்சாரத்தைத் துண்டித்தது அந்தக் குழு. 1943 ஜனவரி 2 அன்று சித்தகட் காட்டில் போலீஸ் அவரைச் சுட்டுக் கொன்றது. பாயின்ட் பாயின்டாகச் சுற்றிவிட்டுப் போகிறவர்களில் பெரும்பாலோருக்கு, வீர் பாய் கோத்வால் என்று அழைக்கப்படும் அவருடைய பெயர் தெரியாது. பனோரமா, லூயிசா, எக்கோ என்று முப்பதுக்கு மேற்பட்ட காட்சிமுனைகளைக் காட்டும் குதிரைக்காரர்கள், வழியில் அவருடைய நினைவிடத்திலும் ஒரு நிமிடம் நிறுத்தினால் ஊரின் அறிமுகம் நிறைவாக இருக்கும்.

தண்ணீரும் குப்பையும் மலையூர்களின் நிரந்தரக் கவலை. சார்லட் ஏரி பழைய குடிநீர் ஆதாரம். அது போதாமல் நேரலிலிருந்து மலைமேல் பம்ப் செய்து ஏற்றுகிறார்கள். கடைக்கு வரும் அரிசி மூட்டையும் கேஸ் சிலிண்டரும் பெரும்பாலும் தஸ்தூரியிலிருந்து குதிரை முதுகிலோ கைவண்டியிலோ வருகின்றன. எனவே இங்கே சாப்பாட்டு விலை கூடுதலாக இருப்பதில் வியப்பில்லை. பிளாஸ்டிக்குக்குத் தடை உண்டு. ஆனாலும் விடுமுறை முடிந்த மறுநாள் காட்சிமுனைகளின் சரிவுகளில் சிப்ஸ் பாக்கெட்டுகள் கிடக்கத்தான் செய்கின்றன.

குடும்பத்தோடு போக நினைப்பவர்கள் சனி, ஞாயிறைத் தவிர்த்து வாரநாளில் போவது நல்லது. மழைக்காலத்தில் நேரல் – அமன் லாட்ஜ் ரயில் ஓடாது. அமன் லாட்ஜிலிருந்து ஊருக்குள் ஷட்டில் மட்டும் ஓடும். தஸ்தூரியில் யார் என்ன சொன்னாலும் முதலில் ஷட்டில் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். குதிரையேறுவதானால் கட்டணத்தை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். கொண்டுபோன பாட்டிலையும் பாக்கெட்டையும் பையிலேயே வைத்துத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்.